அப்பா வந்துட்டாரு டீச்சர்

இரவு எட்டே முக்கால் வாக்கில் போன் அடிக்கும். எடுத்தால் வணக்கம் எல்லாம் இருக்காது. “அப்பா வந்துட்டாரு டீச்சர்” என்று ஒரு குரல். உடனே எங்கள் கணக்கு வகுப்பு தொடங்கிவிடும்.

அப்பா வந்தால்தான் போன் வரும், போன் வந்தால்தான் பள்ளிக்கூடம். 2020 ஆகஸ்ட் கடைசியிலிருந்து பள்ளி திரும்பத் திறக்கும்வரை அந்த ஏழாம் வகுப்புப் பையனுக்குப் பள்ளிக்கூட மணி என்பது அவன் அப்பாவின் டிவிஎஸ் ஐம்பது தெருமுனையில் திரும்புகிற சத்தம்தான். மழை நாளில் அப்பா வேலைக்குப் போகவில்லை என்றால் காலை பத்து மணிக்கே கூப்பிடுவான். அன்றைக்குக் குரலில் ஒரு உற்சாகம் இருக்கும்.

நான் விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. கொரோனாக் காலத்துப் படிப்பைப் பற்றி இவ்வளவு நாள் கழித்து எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. இப்போதெல்லாம் புயல், கனமழை என்று விடுமுறை விட்டால் யாராவது ஒருவர், “அதான் ஆன்லைன் இருக்கே, அதுல எடுத்துடலாமே” என்கிறார். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஒன்றரை வருடத்தில் எது உண்மையிலேயே வேலை செய்தது, எது வேலை செய்வதுபோல் காட்டிக்கொண்டிருந்தது என்பதை நாம் உட்கார்ந்து பிரித்துப் பார்க்கவே இல்லை. நான் பார்த்ததையாவது சொல்லிவிடுகிறேன்.

2020 மார்ச்சில் பள்ளியை மூடும்போது மாதக் கடைசிவரை என்றுதான் சொன்னார்கள். ஜூலையில் புதுப் பாடநூல்களை வாங்கிப்போகப் பெற்றோர் வந்தார்கள். ஆளுக்கு ஆள் தள்ளி நின்ற அந்த வரிசையில் நான் ஒவ்வொருவரிடமும் வாட்ஸ்அப் நம்பர் கேட்டு எழுதிக்கொண்டேன். என் ஏழாம் வகுப்பில் 31 பிள்ளைகள். 17 நம்பர்கள் கிடைத்தன. அன்று இரவே குழு தொடங்கிவிட்டேன்.

வீடியோ எடுக்கப் பழகினேன். சமையலறை மேடையில் அரிசி டப்பாவின்மேல் போனைச் சாய்த்து வைத்து, சுவரில் ஒட்டிய சார்ட்டில் எழுதி எழுதி ஆறு நிமிடத்துக்கு ஒரு பாடம். மின்விசிறிச் சத்தம் கேட்கக் கூடாது என்று அதை நிறுத்திவிட்டு, வேர்வையைத் துடைத்துத் துடைத்துப் பேசுவேன். ஒரு பாடம் சரியாக வர நான்கு தடவை எடுக்க வேண்டியிருக்கும். அனுப்பினால் இரண்டு நீல டிக் விழும், சிலர் கட்டைவிரல் படம் போடுவார்கள். வீட்டுப்பாடம் கொடுத்தால் நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புவார்கள். வாராவாரம் மேலே கேட்கிற படிவத்தில் ‘இணையவழியில் பங்கேற்போர்: 17’ என்று நிரப்பிக் கொடுத்தேன். ஏதோ நடக்கிறது என்றுதான் நம்பினேன்.

ஆகஸ்டில் ஒரு நாள் ஒன்பது நோட்டுப் படங்கள் வந்தன. ஒன்பதிலும் நான்காவது கணக்கில் ஒரே தவறு. தவற்றைவிட என்னை உறைய வைத்தது வேறு. மூன்றாம் வரியில் 8 என்று எழுதி அடித்து 3 என்று திருத்தியிருந்ததும் ஒன்பதிலும் அப்படியே இருந்தது. ஒரு பிள்ளையின் பக்கம் எட்டுப் போன்களுக்குப் போயிருக்கிறது, அடித்தல் திருத்தலோடு அதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் கேட்டது படம், அவர்கள் படம் அனுப்பினார்கள்.

அடுத்த வாரம் சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் வாங்க வந்த ஒரு அம்மாவிடம், “உங்க பொண்ணு தினமும் வீடியோ பார்க்குறாளா?” என்று கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, “அந்த நம்பரு அவ சித்தப்பாவோடது டீச்சர். அவரு மெட்ராஸ்ல இருக்காரு” என்றார். ஒரு மாதமாக என் வீடியோக்களுக்குத் தவறாமல் கட்டைவிரல் போட்டவர் திருவொற்றியூரில் இருந்த ஒரு சித்தப்பா. அண்ணன் மகளின் பெயர் பட்டியலிலிருந்து போய்விடக் கூடாது என்று வேலைக்கு நடுவே அந்த மனிதர் அதைச் செய்துகொண்டிருந்திருக்கிறார். அவர்மேல் இன்றைக்கும் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தப் பெண் ஒரு பாடத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் ஒரு லாங் சைஸ் நோட்டு எடுத்துக் கட்டம் போட்டேன். போன் யாருடையது, பட்டனா டச்சா, வீட்டில் எப்போது இருக்கும், யார் எடுப்பார்கள், ரீசார்ஜ் எந்தத் தேதியில் தீரும். தெருத்தெருவாகப் போய், திண்ணையில் தள்ளி உட்கார்ந்து கேட்டு எழுதினேன். இரண்டு வாரம் பிடித்தது. 31 வீட்டில் 19 வீட்டில் டச் போன் இருந்தது, பத்தில் பட்டன் போன், இரண்டு வீட்டில் எதுவும் இல்லை. 19 டச் போன்களில் பகலில் வீட்டில் இருப்பவை ஆறு. மற்றவை கட்டட வேலைக்கும் கம்பெனிக்கும் பால் வண்டியோடும் கிளம்பிப்போய்விடும்.

அந்த ஆறிலும் ஆயிரம் சிக்கல். 28 நாள் ரீசார்ஜ் தீர்ந்தால் அடுத்த கூலி வரும்வரை நெட் கிடையாது. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி என்பது அண்ணனும் தம்பியும் பங்கு போட்டுக்கொள்வது. மெமரி நிறைந்துவிட்டது என்று என் வீடியோவை இறக்கவே முடியாத போன்கள் இருந்தன. பெண் பிள்ளைகள் விஷயம் தனி. ஒரு அப்பா என்னிடம் முகத்துக்கு நேராகச் சொன்னார்: “பையனுக்குன்னா குடுக்கலாம் டீச்சர். பொண்ணு கையில போன் இருந்தா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க.” ஒரே வீடு, ஒரே போன், இரண்டு பிள்ளைகள். ஒருவன் பள்ளியில் இருந்தான், ஒருத்தி இல்லை.

இது என் ஊர்க் கதை மட்டும் இல்லை. ஆண்டுதோறும் கிராமப்புறக் கல்வி நிலையை அளக்கும் ‘அசர்’ ஆய்வு அந்த இரண்டு வருடமும் போன் வழியாகவே நடந்தது. பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளில் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தவர்கள் 2018-இல் 36.5 சதவீதம், 2020-இல் 61.8 சதவீதம், 2021-இல் 67.6 சதவீதம். இந்த ஏறுமுகத்தைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டினார்கள். அதே 2021 ஆய்வில் இன்னொரு எண்ணும் உண்டு. வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தும், நாலில் ஒரு பிள்ளைக்கு மேல், அதாவது 26.1 சதவீதம் பேருக்கு, அது கைக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தவர்களிலும் எத்தனை பேருக்கு இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் கிடைத்தது என்பதை எந்த அட்டவணையும் கேட்கவில்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தக் கேள்விதான்.

கல்வி டிவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2019 ஆகஸ்டிலேயே தமிழ்நாட்டு அரசு அதைத் தொடங்கிவிட்டிருந்தது. அதனால் 2020 ஜூலையில் பாடங்களை ஒளிபரப்ப வேண்டி வந்தபோது சேனலும் ஆட்களும் தயாராக இருந்தார்கள். இதை யாரும் குறைத்துப் பேசினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். போன் இல்லாத வீட்டிலும் டிவி இருந்தது, டேட்டா செலவு கிடையாது, பாடங்களும் நன்றாகவே எடுத்திருந்தார்கள். ஆனால் என் பிள்ளைகளில் ஒருத்தி சொன்னதை மறக்க முடியவில்லை: “டிவி டீச்சர் நிக்கவே மாட்டாங்க டீச்சர். எனக்குப் புரியலன்னாலும் போய்க்கிட்டே இருப்பாங்க.”

அவள் சொன்னது என் வீடியோவுக்கும் பொருந்தும். திரும்பப் போட்டுப் பார்க்கலாம் என்ற ஒரு வசதி கூடுதல், அவ்வளவே. பாடம் என்னிடமிருந்து போய்க்கொண்டே இருந்தது. அங்கிருந்து ஒரு ‘ஏன் டீச்சர்?’ திரும்பி வர வழியே இல்லை.

அப்புறம்தான் கூப்பிட ஆரம்பித்தேன். வெறும் போன் கால். வாரத்துக்கு ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம், நோட்டில் எழுதியிருக்கிற நேரத்துக்கு. பட்டன் போனுக்கும் டச் போனுக்கும் இதில் வித்தியாசம் கிடையாது. பெரும்பாலும் கூப்பிடுவது நான் என்பதால் அவர்களுக்குக் காசும் போகாது. போனே இல்லாத இரண்டு பிள்ளைகளுக்குப் பக்கத்து வீட்டு நம்பர்.

முதல் வாரமே எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. ஒரு பெண், நோட்டுப் படங்களில் எல்லாக் கணக்கும் சரியாகவே இருக்கும். போனில் கேட்டேன், “அரையும் மூணுல ஒண்ணும் சேர்ந்தா எவ்வளவும்மா?”

“அஞ்சுல ரெண்டு டீச்சர்.” தயக்கமே இல்லை.

“எப்படிப் போட்ட?”

“மேல ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு. கீழ ரெண்டும் மூணும் அஞ்சு.”

கணக்கு எடுக்கிற எல்லாருக்கும் தெரிந்த தவறு இது. வகுப்பறையாக இருந்தால் பலகையில் படம் போட்டுவிடுவேன். பட்டன் போனில் என்னத்தைக் காட்டுவது? “வீட்ல புளியங்கொட்டை இருக்கா?” என்றேன். இருந்தது. “பன்னெண்டு எண்ணி எடுத்துட்டு வா.” கொட்டைகள் சிமெண்டுத் தரையில் உருள்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

“அதுல பாதி எத்தனை?”

“ஆறு.”

“பன்னெண்டுல மூணுல ஒரு பங்கு?”

கொஞ்ச நேரம் பிரித்து வைத்துப் பார்த்தாள். “நாலு.”

“ஆறும் நாலும்?”

“பத்து.”

“பன்னெண்டுக்குப் பத்து வந்திருக்கு. இது பாதியவிட ஜாஸ்தியா, கம்மியா?”

“ஜாஸ்தி.”

“நீ சொன்ன அஞ்சுல ரெண்டு?”

பதில் இல்லை. பின்னால் ஆடு ஒன்று கத்தியது. யாரோ தண்ணீர் பிடிக்கும் சத்தம். பத்து நொடிக்கு மேல் இருக்கும். அப்புறம் மெதுவாக, “அது பாதிகூட இல்லியே டீச்சர்” என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பத்து நொடிக்காகத்தான் ஆசிரியர் என்று ஒருவர் இருப்பது. ஒரு பிள்ளை தான் சொன்னதைத் தானே திரும்பிப் பார்க்கிற நேரம் அது. நீல டிக்கில் அது தெரியாது, நோட்டுப் படத்திலும் தெரியாது. வழியை வாயால் சொல்லச் சொன்னால்தான் தெரியும்.

இதை ஏதோ நான் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. பின்னாளில் படித்தபோது, உலகம் இதை முன்பே ஒரு தடவை பார்த்துவிட்டது என்று தெரிந்தது. 1937 செப்டம்பரில் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் இளம்பிள்ளைவாதம் பரவி, பள்ளிகளைத் திறக்க முடியாமல் போனது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் வீட்டில். உள்ளூர் வானொலி நிலையங்கள் நேரம் ஒதுக்கிக் கொடுக்க, கால் மணி நேரப் பாடங்களை ஒலிபரப்பினார்கள். எந்த வகுப்புக்கு எப்போது என்ற அட்டவணையைச் செய்தித்தாள்கள் காலையில் அச்சிட்டன. அந்தக் காலத்துக்கு ரேடியோதான் புதுத் தொழில்நுட்பம். அன்றும் சில வீடுகளில் ரேடியோ இல்லை, சில இடங்களில் அலை சரியாக எட்டவில்லை, பாடம் வேகமாகப் போகிறது என்று பெற்றோர் குறைப்பட்டார்கள். இதெல்லாம் நமக்குப் பழகிய கதை.

ஆனால் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். சந்தேகம் கேட்க ஒரு தொலைபேசி எண் கொடுத்து, பதில் சொல்ல 16 ஆசிரியர்களை உட்கார வைத்தார்கள். முதல் நாளே ஆயிரத்துக்கும் மேல் அழைப்புகள். தாங்க முடியாமல் இன்னும் ஐந்து பேரைச் சேர்த்தார்கள். அந்த ஆயிரம் அழைப்புகளைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த ‘டிவி டீச்சர் நிக்கவே மாட்டாங்க’ பெண் ஞாபகத்துக்கு வந்தாள். அவள் கையில் அப்படி ஓர் எண் இருந்திருந்தால் எத்தனை தடவை கூப்பிட்டிருப்பாள்.

இன்னொன்று 2020-இலேயே ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில் நடந்தது. சுமார் 4,500 குடும்பங்களை வைத்துச் செய்த பரிசோதனை. ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு கணக்கைக் குறுஞ்செய்தியாக அனுப்பினார்கள். இன்னொரு பிரிவுக்குக் குறுஞ்செய்தியோடு வாரம் ஒரு தடவை 15, 20 நிமிடம் போனில் பேசி அந்தக் கணக்கைப் பிள்ளையோடு சேர்ந்து போட்டார்கள். மூன்றாவது பிரிவுக்கு எதுவும் இல்லை. பேசிய பிரிவுப் பிள்ளைகள் நன்றாகவே முன்னேறியிருந்தார்கள். வெறும் செய்தி மட்டும் போன இடத்தில் சொல்லும்படியான மாற்றம் எதுவும் இல்லை. பின்னர் இந்தியா, நேபாளம், பிலிப்பைன்ஸ், கென்யா, உகாண்டா என்று ஐந்து நாடுகளில் இதையே செய்து பார்த்தார்கள், அங்கும் போனில் பேசியது பலன் தந்தது. எல்லாமே சாதாரணப் போன்தான். செயலி வேண்டியதில்லை, நெட் வேண்டியதில்லை.

சரி, இதன் கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். 31 பிள்ளைகளுக்குப் பத்துப் பத்து நிமிடம் என்றால் வாரத்துக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல். பாதிப் பேர் இரவில்தான் கிடைப்பார்கள். என் வீட்டிலும் இரண்டு பிள்ளைகள் உண்டு. ஆறாம் வகுப்பையும் எட்டாம் வகுப்பையும் சேர்த்தால் தொண்ணூறு பேருக்கு மேல் வரும். என்னால் முடியவில்லை. ஏழாம் வகுப்புக்கு நான் வகுப்பாசிரியை என்பதால் அவர்களை எடுத்துக்கொண்டேன், மற்ற இரண்டு வகுப்புக்கும் வீடியோதான் போனது. அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளி வாசலையே மிதிக்காமல் ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன் என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது.

போன் எடுக்காமல் போனவர்களும் உண்டு. ஒரு பையன், கணக்கில் கெட்டிக்காரன். 2021 ஜனவரியில் அவன் வீட்டு நம்பர் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. நேரில் போனால் வீடு பூட்டியிருந்தது. குடும்பத்தோடு கரும்பு வெட்டப் போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஏப்ரலில் ஒரு நாள் அவனே கூப்பிட்டான். “டீச்சர், நான் இப்ப கட்டு கட்டுறேன், நாளைக்கு முந்நூறு ரூபா” என்றான். பெருமையாகத்தான் சொன்னான். ஒரு சதவீதக் கணக்கு கேட்டேன், டக்கென்று சொன்னான். பள்ளி திறந்ததும் வந்துவிடு என்றேன். சரி டீச்சர் என்றான். வரவில்லை. அவனைப் பள்ளியில் பிடித்து வைத்திருந்தது பாடம் மட்டும் அல்ல என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. மதியச் சாப்பாடு, பக்கத்தில் உட்காரும் கூட்டாளி, ‘நேத்து ஏன் வரல’ என்று கேட்க ஒருவர். போனில் என்னால் பின்னம் கற்றுக்கொடுக்க முடிந்தது. அவன் காலையில் எழுந்து எங்கே போகிறான் என்பதைப் போனால் மாற்ற முடியவில்லை.

2021 நவம்பர் 1-ஆம் தேதி ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்புவரை பள்ளி திறந்தது. ஏறக்குறைய 19 மாதம். முதல் நாள் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிட்டபோது பிள்ளைகள் பாதிப் பேர் குரல் உடைந்து, உயரமாகி, முகக்கவசத்தோடு யார் யார் என்றே தெரியவில்லை. ஆனால் ‘உள்ளேன் டீச்சர்’ என்ற குரலை வைத்து என்னால் ஒவ்வொருவரையும் அடையாளம் சொல்ல முடிந்தது. ஒரு வருடத்துக்கு மேலாகக் குரலைத்தானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

கீழ் வகுப்புகளின் நிலைமைதான் வயிற்றைக் கலக்கியது. மூன்றாம் வகுப்புக்கு வந்து உட்கார்ந்த பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் பள்ளிக்கு வந்ததோடு சரி. போனில் குரல்பதிவு அனுப்பத் தெரிந்த பிள்ளைக்குத் தன் பெயரை முழுதாக எழுத வரவில்லை. இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூன்று பொருளாதார அறிஞர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை 2021 டிசம்பரில் சோதித்தார்கள். கொரோனாவுக்கு முன் அதே வயதுப் பிள்ளைகள் இருந்த நிலையோடு ஒப்பிட்டால் தமிழிலும் பின்தங்கல், கணக்கில் அதைப்போல இரண்டு மடங்கு பின்தங்கல். அடுத்த ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்துவிட்டது. அப்படி மீண்டதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குக்குக் காரணம் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

அந்தத் திட்டம் தொடங்கியது எங்கள் மாவட்டத்தில்தான். 2021 அக்டோபர் 27, மரக்காணம் ஒன்றியம் முதலியார்குப்பம். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், ஊரில் இருக்கும் படித்த ஒருவர், பெரும்பாலும் ஒரு அக்கா, இருபது பிள்ளைகளைத் தன் வீட்டு வாசலிலோ கோயில் மண்டபத்திலோ உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பார். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. எங்கள் பள்ளிக்குச் சேர்ந்த அக்காக்களில் ஒருவர் தையல் மிஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் வகுப்பு நடத்தினார். இதிலும் போன் இருந்தது. ஆள் சேர்ப்பு, பயிற்சி, வருகைப் பதிவு எல்லாம் போன் வழியாகத்தான். இரண்டு லட்சம் பேரை இல்லாவிட்டால் எப்படித் திரட்ட முடியும்? ஆனால் அந்தப் போன் அக்காவின் கையில் இருந்தது. பிள்ளைக்கு முன்னால் இருந்தது அக்கா. தொழில்நுட்பத்தை எந்த இடத்தில் வைப்பது என்று கேட்டால் நான் இந்தத் தையல் மிஷின் திண்ணையைத்தான் காட்டுவேன்.

இதற்கெல்லாம் பிறகு 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. புதுச்சேரி அருகே கரையைக் கடந்து நகராமல் நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அதற்கு மறுநாள் அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறக்க, தென்பெண்ணை இரண்டு கரையையும் விழுங்கிவிட்டது.

கொரோனாவில் பள்ளி மூடியிருந்தது, போன் உயிரோடு இருந்தது. இந்தத் தடவை எல்லாமே தலைகீழ். கரண்ட் இல்லை, டவர் இல்லை. பாடநூல் முழுக்க பிடிஎஃப்பாகப் போனில் இருந்தது, போனில் சார்ஜ் இல்லை. வீட்டில் இருந்த பாடநூல் நனைந்து உப்பிப்போயிருந்தது. பள்ளியில் ஈரத் தரையில் பாய் விரித்துக் குடும்பங்கள் தங்கியிருந்தன. ஒருவர் டிராக்டர் பேட்டரியில் வயர் இழுத்துச் சார்ஜ் போட்டுக் கொடுத்தார். ஒரு போனுக்குப் பத்து நிமிடம் என்று முறை வைத்தார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் யாரும் பாடம் பார்க்கவில்லை. உறவுக்காரர்களைக் கூப்பிட்டு ‘நல்லா இருக்கோம்’ என்றார்கள்.

அப்போதுதான் லாங் சைஸ் நோட்டு கைகொடுத்தது. 2020-க்குப் பிறகு ஒவ்வொரு ஜூனிலும் புதிதாக எழுதுகிற பழக்கம் எனக்கு வந்துவிட்டிருந்தது. அது என் வீட்டுப் பரணில் நனையாமல் இருந்தது. நான்காம் நாள் டவர் வந்ததும் ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டேன். அப்பா நம்பர் எடுக்கவில்லை என்றால் பக்கத்தில் எழுதியிருக்கிற மாமா நம்பர், இல்லையென்றால் கடைக்கார அண்ணாச்சி. இரண்டு நாளில் எல்லாப் பிள்ளைகளும் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது. பாட்டி வீட்டில், திண்டிவனத்தில், மாடியில், முகாமில். யாருக்குப் புத்தகம் போனது, யாருக்குச் சீருடை போனது என்பதும் அந்தப் பக்கங்களிலேயே ஏறியது. வெள்ளம் பாதித்த பள்ளிகளுக்கு அரையாண்டுத் தேர்வை ஜனவரிக்குத் தள்ளினார்கள். பிள்ளைகள் திரும்பி வந்து உட்கார அந்த அவகாசம் உதவியது.

இன்றைக்குப் பள்ளியில் ஸ்மார்ட் வகுப்பறை இருக்கிறது. எங்களுக்குக் கைக்கணினி கொடுத்திருக்கிறார்கள். கோளத்தைத் திருப்பிக் காட்டவும், முக்கோணத்தை இழுத்துக் காட்டவும் நான் ஆசையாகப் பயன்படுத்துகிறேன். எனக்கு ஒரு வேண்டுகோள்தான். அடுத்த இடர் வரும்முன், ஒவ்வொரு பிள்ளையின் பதிவிலும் போன் நம்பருக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டம் வேண்டும்: அந்தப் போன் வீட்டில் இருக்கும் நேரம், அதை எடுக்கிற ஆள். வாரம் பத்து நிமிடம் பேசுவதை ஆசிரியரின் வேலை நேரமாகக் கணக்கில் எடுக்க வேண்டும், யாரோ ஒரு டீச்சரின் நல்ல மனசுக்கு அதை விட்டுவிடக் கூடாது. ‘எத்தனை பேருக்கு அனுப்பினீர்கள்’ என்ற படிவத்தில் ‘எத்தனை பேர் திருப்பிக் கேள்வி கேட்டார்கள்’ என்று ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரி 2020-இல் இருந்திருந்தால் நான் 17 என்று எழுதியிருக்க மாட்டேன். பூஜ்யம் என்று எழுதியிருப்பேன், ஒரு மாதம் முன்னாலேயே திண்ணைகளுக்குப் போயிருப்பேன்.

போன ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வந்த ஒரு பெண்ணிடம் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன்.

“உங்க வீட்ல போன் யார்கிட்டம்மா இருக்கும்?”

“அண்ணன்கிட்ட டீச்சர். அவன் ஒரகடத்துல கம்பெனியில இருக்கான். ஞாயித்துக்கிழமை வருவான்.”

‘அண்ணன், ஞாயிறு மட்டும்’ என்று எழுதினேன். “நடுவுல ஏதாவது அவசரம்னா?”

யோசித்தாள். “பக்கத்து வீட்டு ஆயா பட்டன் போன் வெச்சிருக்காங்க டீச்சர். அவங்களுக்குப் பண்ணத் தெரியாது. வந்தா எடுக்கத் தெரியும்.”

அந்த நம்பரை அவள் மனப்பாடமாகச் சொன்னாள். எழுதிக்கொண்டு, ஒரு தடவை அடித்தும் பார்த்தேன். மூன்றாவது மணியில் ஆயா எடுத்தார்.